பதினைந்தில் நின்ற குரல்

நாள் முழுக்க யாரோ யாரையோ திட்டுவதைக் கேட்பதுதான் என் வேலை. டி.வி. கனெக்‌ஷன் கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு ஆட்கள் போன் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். படம் வரவில்லை, சீரியல் நேரத்தில் சிக்னல் போய்விட்டது, மூன்று நாளாகச் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை. அந்தச் சண்டைகளைப் பதிவுசெய்து எனக்கு அனுப்பிவைப்பார்கள். நான் சங்கரன்கோவிலில் என் வீட்டுக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு மேஜையைப் போட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் சொன்ன பிள்ளை ஒழுங்காகப் பேசியதா என்று கட்டங்களில் டிக் அடிக்க வேண்டும். வணக்கம் சொன்னாரா. குறுக்கே பேசினாரா. குரலை உயர்த்தினாரா. மன்னிப்புக் கேட்டாரா. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ஐந்தரை வரைக்கும் இதுதான். எழுந்திருக்கும்போது அந்தத் திட்டெல்லாம் நான் வாங்கினதுபோல உடம்பு வலிக்கும்.

அதற்கு முன்னால் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கொரோனாவில் கடையை மூடினார்கள், மூடியதுதான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் யார் யாரிடமோ சொல்லி இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தாள். பொங்கல் லீவுக்கு வந்தபோது கம்பெனி அனுப்பிய லேப்டாப்பை மேஜையில் வைத்து, வயர்களையெல்லாம் மாட்டி, எனக்குப் பாடம் நடத்தினாள்.

எங்கள் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வலது பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. இடது பக்கத்து வீட்டிலும் ஓடுகிறது. எதிர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு இப்போது மறுபடி ஓட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் ஐந்து நிமிஷத்தில் காதைப் பொத்திக்கொண்டு, எப்படித்தான் இருக்கிறீர்களோ என்பார்கள். எனக்கும் ராயகிரியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. அங்கே எங்கள் வீட்டில் வயல், மாடு, அவ்வளவுதான் சத்தம். இங்கே வந்த முதல் மாதம் தலைக்குள்ளேயே தறி ஓடியது. பிறகு பழகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பழகவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்து, சொல்வதை விட்டுவிட்டேன்.

அதனால்தான் மகள் அந்த வால்யூம் மிக்ஸரைத் திறந்து காட்டியபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. திரையின் வலது ஓரம் கீழே ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். அதன்மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அழுத்தினால் வரும். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை இழுத்தால் அந்த ஆப்பின் சத்தம் மட்டும் ஏறும், இறங்கும். மற்றது எதுவும் மாறாது.

"எம்மா, இங்கன பாரு. ரெக்கார்டிங் ஃபுல்லா வச்சிருக்கேன். ஆபீஸ் குரூப்புல மெசேஜ் வந்தா டொய்ங்குன்னு அடிக்கும்லா, அதை இருபதுல வச்சாச்சு. பாட்டுக் கேட்டா முப்பது போதும். வீடியோ கால் நூறு. நான்லா பேசுவேன்."

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுனா எல்லாம் பழையபடி ஆயிருமா?"

"ஆவாது. நீ எங்க வச்சியோ அங்கனயே இருக்கும். ஹெட்செட்டு போட்டா ஒரு கணக்கு, கழட்டி ஸ்பீக்கர்ல கேட்டா வேற கணக்கு. ரெண்டையும் தனித்தனியா ஞாபகம் வச்சுக்கும்."

நான் தலையாட்டினேன். பாதி புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஏதோ ஒரு சத்தத்தைக் குறைக்கிற அதிகாரம் என் கைக்கு வந்ததே என்று, அவள் போன பிறகும் இரண்டு நாள் அந்தப் புள்ளிகளைச் சும்மா இழுத்து இழுத்துப் பார்த்து, திரும்ப அவள் வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரரிடமும் காட்டினேன். அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய தறிக்கூடத்தில் பகல் ஷிப்ட் ஓட்டுகிறார். ஒரே ஆள் எட்டுத் தறியைப் பார்க்க வேண்டும். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"தறில எங்களுக்கு இது பழக்கம்தான். எட்டும் ஓடும். ஒண்ணுல இழை அறுந்தா அது மட்டும் தனியாக் கேக்கும். மத்த ஏழும் காதுலயே விழாது."

"இப்பவும் கேக்குதா?"

"இப்பம் கையை வச்சுப் பாக்கேன்" என்றார். தறியின் மரத்தில் கையை வைத்தால் ஓட்டம் சரியா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். காது போய்விட்டது என்பதை அவர் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குள் நின்றால் யாருக்குத்தான் இருக்கும். அவருக்கு எவ்வளவு கேட்கும், எவ்வளவு கேட்காது என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அவர் சொல்ல மாட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினால் பதில் வராது. திரும்பி நின்று பேசினால் வரும். வேண்டுமென்றே செய்கிறார் என்று ஆரம்பத்தில் எத்தனையோ நாள் முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தறிக்கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. ஒரு முனையில் நிற்பவர் கையைத் தட்டி, அல்லது கையை ஆட்டி, மறுமுனையில் நிற்பவரைத் திரும்ப வைப்பார். அப்புறம் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பார். டீ சொல்லியாச்சா, முதலாளி வருகிறார், நேற்று ஏன் வரவில்லை, எல்லாம் அப்படித்தான். ஊர் வம்பு முழுக்க ஒரு சொல் கேட்காமல் நடக்கும். என் மகள் பள்ளிக்கூடம் படிக்கையில் லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். வாசலில் நின்று அவளும் அப்பாவும் இப்படிப் பேசிக்கொள்வார்களாம். வீட்டில்கூட என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் வாயசைத்துச் சிரிப்பார்கள். நான் திரும்பினால் நிறுத்திவிடுவார்கள். அவள் காலேஜ் போனபிறகு அது நின்றுபோனது. எனக்கு அந்தப் பேச்சு வரவே இல்லை. நானும் கற்றுக்கொள்ளவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்றைக்கு எங்கள் தெருவில் குசுகுசுவென்று பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். வாரம் முழுக்க ஹெட்செட் போட்டுக் காது புண்ணாகிக் கிடந்ததால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பீக்கரிலேயே மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா கறி வாங்கப் போயிருந்தார்.

பேச்சு நடுவில் பிள்ளை அழ ஆரம்பித்தாள். "எம்மா, அத்தானை நான் கட்டிக்க மாட்டேன். அத்தான் நல்லவங்கதான். எனக்குக் கட்டிக்க முடியாது. அப்பாகிட்ட நீ சொல்லிரு."

அத்தான் என்றது என் வீட்டுக்காரருடைய அக்கா மகனை. அந்த அக்கா, என் மதினி, வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மகன் அங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். குணமான பையன். எங்கள் மகள் வயதுக்கு வந்தபோது சீர் கொண்டுவந்த மதினி, இது என் வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை என்று சபையில் சொன்னார். இவர் சரி என்றார். அக்கா சொல்லை அவர் ஒரு நாளும் தட்டியதில்லை. சின்ன வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய், அந்த அக்காதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீடு வீடாக நூல் சுற்றப் போய் இவருக்குச் சோறு போட்டவர். அந்த அக்காவிடம் போய் இவர் எப்படி மாற்றிப் பேசுவார். அதுதான் என் பயமெல்லாம்.

அந்த நேரம் பார்த்துச் சந்தில் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டது. மேஜைக்குப் பக்கத்திலேயே சந்தைப் பார்த்த ஜன்னல். வீடியோ காலை கட் பண்ண மனசு வரவில்லை, பிள்ளை தேம்பிக்கொண்டிருந்தாள். அவசர அவசரமாக மிக்ஸரைத் திறந்தேன். அவள் கோட்டில் இருந்த புள்ளியைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். நூறிலிருந்து பதினைந்தில் வந்து நின்றது. காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்துக்கொண்டு, ம் ம் என்று தலையாட்டினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

நிமிர்ந்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே கறிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். "யாரு, பிள்ளையா?" என்றார்.

"ஆமா. சும்மாதான். சாப்பிட்டாளான்னு கேட்டேன்" என்றேன்.

பையை ஜன்னல் வழியாக நீட்டினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் தலையில் ஏறியது பாரம். மகளிடம், நேரம் பார்த்து அப்பாவிடம் சொல்கிறேன் என்றேன். இவரிடம், பிள்ளை ஏதோ பரீட்சை எழுதுகிறாளாம், ஒரு வருஷம் போகட்டும் என்கிறாள் என்றேன். மதினியிடம், "அவுகளும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காக, பிள்ளைக்கு வேலை நிலைக்கட்டும்னு பாக்காக" என்றேன். யாருக்கு எதை எந்த அளவில் சொல்ல வேண்டும் என்று நாள்தோறும் நான் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லிவிடக் கூடாதே என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. சொல்வதற்கு எத்தனையோ நேரம் வந்தது. ஒவ்வொரு முறையும் நாளைக்கு என்று தள்ளினேன். சோம்பல் இல்லை, அலுப்பு. நாள் முழுக்கச் சண்டை கேட்டுவிட்டு, சாயந்தரம் நானே ஒரு சண்டையை ஆரம்பித்துவைக்கத் தெம்பில்லை.

மகள் தினமும் ஆறு மணிக்குக் கூப்பிடுவாள். ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும். பக்கத்து வீடுகளில் தறியை நிறுத்தி மறுபடி ஓட்டுவதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரம்தான் எங்கள் தெருவில் மனிதர்கள் போனில் பேசுவார்கள். நான் ஹெட்செட்டில் பேச வேண்டியதைப் பேசிவிட்டு, அவர் வந்ததும் வயரைப் பிடுங்கிவிட்டு நாற்காலியை அவருக்குக் கொடுப்பேன். குரல் ஸ்பீக்கரில் வரும். மெல்லத்தான் வரும். பிள்ளை பயந்துபோய் மெல்லப் பேசுகிறாள் என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் கேட்டதே.

அவர் திரையை ஒரு நிமிஷம் பார்ப்பார். "ம். சரி. சாப்பிடு" என்பார். எழுந்துவிடுவார். இரண்டு வருஷமும் இந்த மூன்று சொல்தான்.

"அப்பாவுக்கு எம்மேல கோவம். நீ சொல்லிட்ட. சொன்னதை எங்கிட்ட மறைக்க" என்பாள் மகள்.

"சொல்லலட்டி. சத்தியமாச் சொல்லல."

"அப்போ எதுக்கு எங்கூடப் பேச மாட்டேங்காங்க?"

பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். தீபாவளிக்கு வந்தவள் இரண்டாம் நாளே லீவு இல்லை என்று கிளம்பினாள். அடுத்த பொங்கலுக்கு வரவே இல்லை.

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள் என் ஹெட்செட் உயிரை விட்டது. ஒரு பக்கம் கேட்கவே இல்லை, மறுபக்கம் கரகரவென்றது. புதிது கூரியரில் வரும், அதுவரைக்கும் ஸ்பீக்கரில் கேட்டு வேலையைப் பாருங்கள் என்று மெசேஜ் வந்தது. ஊரெல்லாம் கூட்டம், தெருமுனையில் மைக் செட், இரண்டு பக்கமும் தறி. இதற்குள் எந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டது, எது கேட்கவில்லை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன். எரிச்சலோடு மிக்ஸரைத் திறந்து, ரெக்கார்டிங்கின் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

எல்லாம் மகள் வைத்த இடத்தில்தான் இருந்தன. வீடியோ கால் மட்டும் பதினைந்தில் நின்றது.

நான் வைத்த பதினைந்து. ஸ்பீக்கருக்கு ஒரு கணக்கு, ஹெட்செட்டுக்கு ஒரு கணக்கு என்று அவள் அன்றைக்கே சொன்னாள். காது நன்றாக இருக்கிற எனக்கு மெல்லக் கேட்ட அந்தக் குரல், முப்பது வருஷம் தறியில் நின்ற மனுஷருக்கு எப்படிக் கேட்டிருக்கும். இரண்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காத குரலுக்கு ம், சரி, சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானாகக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அங்கே அந்தப் பிள்ளை அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்து உருகிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. புள்ளியை இழுத்து நூறில் வைத்தேன். இன்றைக்குச் சாயந்தரம் அவர் மகள் குரலைக் கேட்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்பில் மற்ற எல்லாவற்றையும் மறந்தேன்.

மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்த மதினி, கூட்டத்தில் பஸ் கிடைக்காதென்று அன்றைக்கே நாலு மணிக்கு வந்து இறங்கினார். பையில் வெண்டைக்காயும் கொய்யாப்பழமும். வந்ததும் வராததுமாக, "தபசு முடிஞ்சதும் ஆவணில ஒரு நாள் பாத்துருவோம். இதுக்கு மேல தள்ளாத, ஏட்டி" என்றார். நான் காபி போடுகிறேன் என்று எழுந்துபோனேன்.

ஆறு மணிக்குத் தறி நின்றது. அவர் வந்து கை கால் கழுவிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேஜையில் லேப்டாப் அலறியது. அப்படி ஒரு சத்தத்தை அதனிடம் நான் கேட்டதே இல்லை. அது அலறிய வேகத்தில் பதறி, நிறுத்தப் போய், எடுத்தேவிட்டேன்.

"எம்மா, நாளைக்கு அத்தை வாராங்கள்லா. இந்தத் தடவையாவது சொல்லிரும்மா. ரெண்டு வருஷமா அத்தானைக் கட்டிக்க மாட்டேன்னு சொல்லுதேன். நீயும் சொல்லுதேன் சொல்லுதேன்னு..."

வீடு முழுக்க அந்தக் குரல்தான். மவுஸைத் தேடினேன், கையில் அகப்படவில்லை. அகப்பட்டபோது மிக்ஸர் வராமல் வேறேதோ வந்தது. கடைசியில் லேப்டாப்பையே மூடினேன். மூடிய பிறகு அந்த அறையில் இருந்த அமைதியை என்னால் சொல்ல முடியாது. தறியாவது ஓடக் கூடாதா என்றிருந்தது.

மதினி டம்ளரைத் தரையில் வைத்தார். சத்தம் போடவில்லை. தம்பியைப் பார்த்து, "ஏலே, இது என்னலே?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார். "எக்கா, அவ சொன்னது நெசந்தான். எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். உங்கிட்டச் சொல்லத் தைரியம் இல்லாமக் கெடந்துட்டேன். தப்பு என்னுதுதான். இவள ஒண்ணும் சொல்லாத."

"ரெண்டு வருஷமா எம்மவன் வேற எடம் பாக்க விடாம இருக்கான். அதை நெனைச்சுப் பாத்தியா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். மதினி கேட்டது நியாயம். அவர் எழுந்தார். பையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். தபசுக்கு ஊரெல்லாம் உள்ளே வந்துகொண்டிருக்க, அவர் மட்டும் எதிர்த்திசையில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். இவர் பின்னாலேயே போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வழியில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. தை மாதம் அந்தப் பையனுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எங்களுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நேராக எதிரில் போய் நின்று கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு சன்னல்ல நின்னேன்லா."

"நான் சத்தத்தைக் கொறச்சுட்டேனே."

"சத்தத்தைத்தான கொறச்ச. பிள்ளை வாய் தெரிஞ்சுதுல்லா."

கட்டிலில் உட்கார்ந்தேன். வாயைப் பார்த்தே முப்பது வருஷம் பேசிய ஆளிடமிருந்து ஒரு பேச்சை மறைக்க நான் ஒலியைக் குறைத்திருக்கிறேன். இந்த ஊரில், இந்தத் தெருவில் வாழ்ந்துகொண்டு எனக்கு அது தோன்றவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவரிடம் நான் மாற்றி மாற்றிச் சொன்ன அத்தனையையும் அவர் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதுகிறாள் என்று நான் சொன்னபோதெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சரி என்றார்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" குரல் உயர்ந்துவிட்டது. கோபம் வந்துவிட்டது எனக்கு. "நான் செத்துப் பொழைச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்னு சொன்னா அக்காட்ட நான்லா போய்ச் சொல்லணும்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ சொல்லுவன்னு இருந்தேன். நீ சொல்லாம இருந்தது எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு."

இதற்கு மேல் அவரோடு சண்டை போட ஒன்றும் இல்லை. நானும் அதையேதான் செய்தேன்.

"அப்போ பிள்ளைகிட்டயாவது பேசியிருக்கலாம்லா. ம், சரின்னுட்டுப் போவீங்களே. அவ நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

"என்னத்தப் பேச. கொரலும் கேக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே பேசுதா. வாய் தெரியாம நான் என்ன பதில் சொல்ல."

அவள் பயந்து தலையைக் குனிந்தாள். இவர் வாய் தெரியாமல் எழுந்து போனார். அவர் எழுந்து போகப் போக அவள் இன்னும் குனிந்தாள். நடுவில் நான் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தபசு. தறி கிடையாது. ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எடுத்த எடுப்பிலேயே தலையைக் குனிந்துகொண்டு, "எப்பா, எப்பா" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நூறில் வைத்த குரல் ஸ்பீக்கரைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

அவர் காதுப் பக்கம் கையை ஆட்டினார். "அதைக் கொறச்சிரு. இரைச்சலாத்தான் இருக்கு. ஒண்ணும் வெளங்கல."

"கொறச்சா கேக்காதே."

"கொறச்சிரு."

மிக்ஸரைத் திறந்து, அவள் கோட்டின் புள்ளியைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன். வீடு அமைதியாயிற்று. அவர் தறிக்கூடத்தில் செய்வதுபோல் கேமராவுக்கு முன்னால் கையை அகலமாக ஆட்டினார். அவள் நிமிர்ந்தாள். மோவாயை உயர்த்திக் காட்டினார், தலையைத் தூக்கு என்று. அப்புறம் சத்தமே இல்லாமல் வாயை அசைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். முதலில் புரியாததுபோல் இருந்தாள். அப்புறம் அவள் வாயும் அசைந்தது.

நான் பக்கத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமாகப் பேசினார்கள். இரண்டு வருஷப் பேச்சு அல்லவா. நடுவில் அவள் மறுபடி அழுதாள். அவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். ஒருமுறை அவள் கண் என் பக்கம் வந்துவிட்டுப் போனது. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டு டிக் அடிக்கிற எனக்கு, என் வீட்டில் என் கண் முன்னால் நடந்த பேச்சில் ஒரு சொல்கூட விளங்கவில்லை. அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா, அவள் கேட்டாளா, எதுவும் தெரியவில்லை. மனசு நிறைந்துதான் இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இனி நான் எதையும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது, தூக்கம் தூக்கமாக வந்தது.

வீடியோ கால் முடிந்தது. அவர் எழுந்தார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். "சும்மாதான். சாப்பிட்டாளான்னு கேட்டேன்" என்றார்.

அன்றைக்கு ஜன்னலைப் பார்த்து நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.